திறன், மூலதனம், மணிநேரம்: நாடுகளின் தொழில்துறைகளை ஒப்பிடுவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புள்ளிவிவரக் கோப்புகளோடு மாரடிப்பதுதான் என் பிழைப்பு. "நம்ம சிங்கப்பூர்க் கட்டுமானத் துறையின் உற்பத்தித்திறன் ஜப்பானோடு பார்த்தால் எப்படி?" என்று யாராவது கேட்டால், ஒரே ஓர் எண்ணைச் சொல்லிவிட்டு நகர எனக்கு மனம் வராது. அந்த எண்ணுக்குள் யார் இருக்கிறார், யார் இல்லை என்பதையும் சொல்ல வேண்டியிருக்கும். கேட்டவர் அதற்குள் காப்பியைக் குடித்து முடித்துவிடுவார். மாணவர்களும் தொழிற்சங்க நண்பர்களும் சிறு பட்டறை நடத்துபவர்களும் கேட்டவற்றை அதனால்தான் இங்கே எழுதி வைக்கிறேன்.

ஜிடிபி எண் இருக்கிறதே, அது போதாதா?

ஜிடிபி எவ்வளவு கிடைத்தது என்று சொல்லும், எப்படிக் கிடைத்தது என்று சொல்லாது. ஒரு துறையின் உற்பத்தி 5 சதவீதம் கூடியதென்றால் அதற்கு நான்கைந்து காரணங்கள் இருக்கலாம். ஆட்கள் கூடியிருக்கலாம். ஆள் எண்ணிக்கை மாறாமல் தேர்ந்தவர்கள் கூடியிருக்கலாம். புது இயந்திரம் வந்திருக்கலாம். வெளியில் வாங்கும் பொருளும் சேவையும் பெருகியிருக்கலாம். இவை எதுவும் இல்லாமல், இருப்பதை வைத்தே வேலையை நன்றாகச் செய்யக் கற்றிருக்கலாம். இந்தக் கடைசிக் காரணத்தைத்தான் மொத்தக் காரணி உற்பத்தித்திறன் என்கிறோம்.

இப்படிப் பிரித்துப் பார்க்கும் கணக்குக்கு க்ளெம்ஸ் என்று பெயர். மூலதனம், உழைப்பு, எரிசக்தி, மூலப்பொருள், சேவை ஆகிய ஐந்தையும் குறிக்கும் ஆங்கில எழுத்துகளை (K, L, E, M, S) கோத்துச் செய்த பெயர் அது. நாட்டுக்கு மொத்தமாக இல்லாமல் துறை துறையாகப் போடுவதுதான் இதன் சிறப்பு, இதில் தலைவலியும் அதுதான்.

இதை ஆரம்பித்தது யார்?

1957-இல் ராபர்ட் சோலோ என்ற பொருளியலாளர் ஒரு கட்டுரை எழுதினார். அமெரிக்காவின் வளர்ச்சியில் உழைப்பும் மூலதனமும் விளக்கியது போக ஒரு பெரிய மிச்சம் நிற்கிறது என்று காட்டினார். அதற்கு முந்தைய ஆண்டே மோசஸ் அப்ரமோவிட்ஸ் அந்த மிச்சத்தை 'நம் அறியாமையின் அளவு' என்று சொல்லியிருந்தார். டேல் ஜார்கென்சனும் ஸ்வி கிரிலிக்கெஸும் 1967-இல் இதை மடக்கினார்கள். உழைப்பையும் மூலதனத்தையும் ஒழுங்காக அளந்தால் அந்த மிச்சம் சுருங்கிவிடும் என்றார்கள். எவ்வளவு சுருங்கும் என்பதில் பிறகு பெரிய சண்டை நடந்தது. ஆனால் "முதலில் ஒழுங்காக அள" என்ற வழி நிலைத்துவிட்டது.

ஐரோப்பிய ஆணையத்தின் நிதியில் ஐரோப்பிய க்ளெம்ஸ் தரவுத்தளம் 2007-இல் வெளியானது. உலக க்ளெம்ஸ் 2010-இல் தொடங்கியது, ஆசியப் பிரிவும் அதே ஆண்டில் பிறந்தது. இந்தியாவின் க்ளெம்ஸ் தரவை இப்போது ரிசர்வ் வங்கி வெளியிடுகிறது. சிங்கப்பூர் எண்களைப் பக்கத்து நாடுகளோடு வைத்துப் பார்க்க, டோக்கியோவில் இருக்கும் ஆசிய உற்பத்தித்திறன் அமைப்பின் தரவேடு கைகொடுக்கும். ஜப்பானின் கெயோ பல்கலைக்கழகம் அதில் பங்கெடுக்கிறது.

சிங்கப்பூர்க்காரர்களுக்கு இதில் என்ன அக்கறை?

உலகமே பேசிய சண்டை ஒன்று நம்மை வைத்துத்தான் நடந்தது. 1994-இல் பொருளியலாளர் பால் க்ரூக்மன் ஒரு கட்டுரையில் சிங்கப்பூரைச் சோவியத் யூனியனோடு ஒப்பிட்டார். இங்கே பலருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் சொன்ன எண்கள் 1966 முதல் 1990 வரை உள்ள காலத்துக்கு உரியவை. அந்த ஆண்டுகளில் மக்கள்தொகையில் வேலை செய்பவர்களின் பங்கு 27 சதவீதத்திலிருந்து 51 சதவீதமாக ஏறியது. உற்பத்தியில் முதலீட்டின் பங்கு 11 சதவீதத்திலிருந்து 40-க்கு மேல் போனது. 1966-இல் தொழிலாளர்களில் பாதிப்பேருக்கு மேல் பள்ளிப் படிப்பே இல்லை, 1990-இல் மூன்றில் இரண்டு பங்கினர் உயர்நிலைப் பள்ளி முடித்திருந்தார்கள். ஆளையும் காசையும் படிப்பையும் கொட்டினார்கள், வளர்ந்தார்கள், அவ்வளவுதான், வேறு மந்திரம் இல்லை என்றார். ஆல்வின் யங் 1995-இல் போட்ட விரிவான கணக்கில், அந்த 24 ஆண்டுகளில் சிங்கப்பூரின் மொத்தக் காரணி உற்பத்தித்திறன் ஆண்டுக்கு வெறும் 0.2 சதவீதம்தான் வளர்ந்திருந்தது.

2002-இல் சாங்-டாய் ஷியே வேறு வழியில் வந்தார். இயந்திரங்களை எண்ணுவதை விட்டுவிட்டு, மூலதனத்துக்குக் கிடைத்த வருமானத்தைப் பார்த்தார். தேசியக் கணக்கு சொல்லும் வேகத்தில் மூலதனம் குவிந்திருந்தால் அதன் வருமான விகிதம் சரிந்திருக்க வேண்டும். ஆனால் அது சரியாமல் அப்படியே நின்றது. அவர் வழியில் கணக்குப் போட்டால் சிங்கப்பூரின் உற்பத்தித்திறன் வளர்ச்சி ஆண்டுக்கு 2 சதவீதப் புள்ளிக்கும் மேல் கூடுதலாக வருகிறது.

ஒரே நாடு, இரண்டு விடை. 24 ஆண்டுகளுக்கு ஆண்டுதோறும் 2 புள்ளி என்பது சின்ன வித்தியாசம் இல்லை. மூலதனத்தை எப்படி அளந்தீர்கள் என்ற கேள்விதான் இரண்டு விடைகளையும் பிரிக்கிறது. இதைப் படித்த பிறகுதான் முறையியல் குறிப்பைப் பார்க்காமல் அட்டவணையைத் திறக்கும் பழக்கத்தை நான் விட்டேன்.

'திறன்' என்று எதைத்தான் எண்ணுகிறீர்கள்?

நேர்மையான பதில்: திறனை யாரும் எண்ணுவதில்லை. படிப்பு, வயது, பால் ஆகிய மூன்றையும் எண்ணி, சம்பளத்தால் எடை போடுகிறோம். ஐரோப்பிய க்ளெம்ஸில் படிப்புக்கு மூன்று நிலை, வயதுக்கு மூன்று பிரிவு, ஆண்-பெண் இரண்டு. பெருக்கினால் 18 பெட்டிகள். ஒவ்வொரு துறையிலும் ஒவ்வொரு பெட்டிக்கும் எத்தனை மணிநேரம், என்ன சம்பளம் என்று நிரப்ப வேண்டும்.

ஒரு கற்பனைப் பட்டறையை எடுத்துக்கொள்வோம். பத்துப் பேர், எல்லாருக்கும் ஒரே வேலை நேரம். எட்டுப் பேருக்கு மணிக்கு 10 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), இரண்டு பேருக்கு 40 வெள்ளி. அடுத்த ஆண்டும் பத்துப் பேர்தான், ஆனால் ஏழும் மூன்றுமாக மாறிவிட்டது. தலையை எண்ணினால் உழைப்பில் மாற்றமே இல்லை. சம்பள எடையில் பார்த்தால் முன்பு 80-உம் 80-உம் சேர்ந்து 160, இப்போது 70-உம் 120-உம் சேர்ந்து 190. கிட்டத்தட்ட 19 சதவீத உயர்வு. அந்த 19-உம் ஆட்களின் கலவை மாறியதால் வந்தது. இதைக் கணக்கில் எடுக்காவிட்டால் அது அப்படியே உற்பத்தித்திறன் என்ற மிச்சத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். முதலாளியின் சாமர்த்தியம் என்று நாமும் பாராட்டிக்கொண்டிருப்போம். நடைமுறையில் இரண்டு ஆண்டு எடைகளின் சராசரியை எடுப்பார்கள். இந்த எடுத்துக்காட்டில் அப்படிப் போட்டாலும் ஏறக்குறைய இதே விடைதான்.

சான்றிதழ் வேறு, கைத்திறன் வேறு இல்லையா?

வேறுதான். சிராங்கூன் சாலை நகைக்கடையில் கல் பதிக்கும் ஒரு பெரியவர் ஆறாம் வகுப்போடு நின்றவர் என்று வையுங்கள். அவர் விழுவது குறைந்த திறன் பெட்டியில். சம்பள எடை ஓரளவு இதைச் சரிசெய்யப் பார்க்கும், ஆனால் பெட்டிக்குள் இருக்கும் எல்லாருடைய சராசரிச் சம்பளம்தான் அவருக்கும் எடை.

நாடுகளுக்கு இடையே போனால் குழப்பம் கூடும். பட்டப்படிப்பை ஓரளவு ஒப்பிட்டுவிடலாம். நடுநிலைப் படிப்புதான் சிக்கல். நம் பலதுறைத் தொழிற்கல்லூரி டிப்ளமாவும், தமிழ்நாட்டு பாலிடெக்னிக் டிப்ளமாவும், ஜெர்மனியின் தொழிற்பயிற்சியும் ஒரே பெட்டியா? ஐரோப்பிய தரவுத்தளத்தை உருவாக்கியவர்களே இதை ஒளிக்காமல் சொல்லிவிட்டார்கள்: படிப்பு நிலைகள் ஒரு நாட்டுக்குள் காலத்தோடு ஒப்பிடத் தக்கவை, நாடுகளுக்கு இடையே அப்படியே பொருந்தாது. தரவிறக்கம் செய்பவர்களில் எத்தனை பேர் அந்த வரியைப் படிக்கிறார்களோ!

படிப்பை விட்டுவிட்டுத் திறனையே சோதித்துப் பார்த்தால் என்ன என்று பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சி நிறுவனம் பெரியவர்களுக்கு ஒரு சோதனை நடத்துகிறது. வாசிப்பு, எண்ணறிவு போன்றவற்றைச் சோதிப்பார்கள். சிங்கப்பூரும் கலந்துகொண்டது. இங்கே இளையோர் நன்றாகச் செய்தார்கள், மூத்தோர் பின்தங்கினார்கள். ஆனால் இங்கே சோதனை நடந்த மொழி ஆங்கிலம். தமிழிலோ மாண்டரினிலோ மலாயிலோ படித்து வளர்ந்து நாற்பது ஆண்டு வேலை பார்த்த ஒருவரின் மதிப்பெண், அவர் திறனோடு அவர் ஆங்கிலத்தையும் சேர்த்தே அளக்கிறது.

வெளிநாட்டு ஊழியர் தங்கும் விடுதியில் இருக்கும் நம் ஆட்கள் இந்தக் கணக்கில் வருகிறார்களா?

எனக்கு அதிகமாக வரும் கேள்வி இதுதான். பதில்: ஒரு கணக்கில் வருவார்கள், இன்னொன்றில் வரமாட்டார்கள். சிக்கலே அதுதான்.

மனிதவள அமைச்சின் தொழிலாளர் அணி ஆய்வு வீடு வீடாக நடக்கிறது. கட்டுமானத் தளத்திலும், தங்கும் விடுதியிலும், வேலையிடக் குடியிருப்பிலும் இருப்பவர்களை அது சேர்ப்பதில்லை. மலேசியாவின் ஜொகூரிலிருந்து தினமும் பாலம் தாண்டி வருபவர்களும் அதில் இல்லை. படிப்பு, வயது, வேலை நேரம் என்று விரிவான விவரம் கிடைக்கும் ஆய்வு அது. ஆனால் வேலை அனுமதிச் சீட்டில் இருப்பவர்களின் எண்ணிக்கை நிர்வாகப் பதிவுகளில் தனியாக இருக்கிறது. கட்டுமானத் துறையில் உற்பத்தியின் பெரும் பங்கு அவர்கள் கையால் நடக்கிறது. உற்பத்தி எண்ணில் அவர்கள் உழைப்பு உண்டு, படிப்பு விவர அட்டவணையில் அவர்கள் இல்லை.

நானே இதில் விழுந்திருக்கிறேன். ஒரு முறை மொத்த ஊழியர் எண்ணிக்கையை ஓர் அட்டவணையிலிருந்தும் படிப்புப் பங்கீட்டை இன்னோர் அட்டவணையிலிருந்தும் எடுத்து ஒட்டினேன். இரண்டாவது, உள்ளூர்வாசிகளுக்கு மட்டுமானது. அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கும் பொறியாளர்களின் படிப்பைத் தளத்தில் கம்பி கட்டும் ஆயிரக்கணக்கானவர்களுக்கும் தாராளமாக வழங்கிவிட்டேன். கட்டுமானத் துறையில் பட்டதாரிகளின் பங்கு ஐரோப்பிய நாடுகளையே தாண்டிப் போனபோதுதான் ஏதோ இடிக்கிறது என்று புரிந்தது. இரண்டு வாரம் போயிற்று.

இதோடு முடியவில்லை. நம் ஊழியர்கள் பேச்சில் 'ஸ்கில்' என்பதற்கு வேறு பொருள். "ஸ்கில் அடிச்சுட்டு வந்தேன்" என்றால் ஊரில் சோதனை மையத்தில் தேர்வு எழுதித் தேறி வந்ததாகப் பொருள். இங்கே வந்தபின் அடிப்படைத் திறன், உயர்திறன் என்று இரண்டு வகை. தளத்தில் டிப்ளமா மெக்கானிக்கல் முடித்த பையன் அடிப்படைத் திறனில் இருப்பான், எட்டாவது முடித்துப் பத்து ஆண்டு அனுபவம் உள்ள அண்ணன் உயர்திறனில் இருப்பார். அந்தப் பையனிடம் "படிச்சவன்தானே நீ, அண்ணன்கிட்ட கத்துக்க" என்று மேற்பார்வையாளர் சொல்வதில் தப்பே இல்லை. சர்வதேசப் பெட்டியோ இருவரையும் தலைகீழாக வைக்கும்.

தீர்வை இந்தக் கணக்கை எப்படிப் பாதிக்கிறது?

தெரிந்தவர்கள் மட்டுமே கேட்கும் கேள்வி, எனக்குப் பிடித்ததும்கூட. சம்பளம் என்பது ஊழியரின் கடைசி மணிநேர உழைப்பு தரும் மதிப்புக்குச் சமம் என்ற அனுமானத்தில்தான் சம்பள எடை நிற்கிறது. ஆனால் வெளிநாட்டு ஊழியரை வைத்திருக்கும் முதலாளி, சம்பளத்தோடு அவருக்காக அரசுக்குத் தீர்வையும் கட்டுகிறார். 2024 ஜனவரி முதல் கட்டுமானத்தில் உயர்திறன் ஊழியருக்கு மாதம் 500 வெள்ளி, அடிப்படைத் திறன் ஊழியருக்கு 900 வெள்ளி. தேசியக் கணக்கு வழக்கப்படி இப்படிப்பட்ட தொகை ஊழியர் ஊதியத்தில் சேராது, உற்பத்தி மீதான வரியில் சேரும்.

தீர்வையை விட்டுவிட்டால், முதலாளி அந்த ஆளுக்குத் தரத் தயாராக இருக்கும் விலையில் ஒரு பெரிய பகுதி கணக்கிலிருந்து காணாமல் போகும். சேர்த்தாலோ வேடிக்கை. இருவருக்கும் சம்பளம் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் திறன் குறைந்தவருக்கு எடை கூடிவிடும். முதலாளிகளை உயர்திறன் பக்கம் தள்ளத்தான் அரசு இப்படித் தீர்வை வைத்தது, அந்தக் கொள்கை எண்ணுக்குள் புகுந்து திறன் குறியீட்டைக் குப்புறக் கவிழ்க்கிறது. இதற்குச் சுத்தமான தீர்வு இல்லை. இரண்டு வகையிலும் கணக்குப் போட்டு இரண்டையும் காட்டுவதே என் வழக்கம். உள்ளூர் ஊழியருக்கு முதலாளி செலுத்தும் மத்திய சேமநிதிப் பங்கு சந்தேகமில்லாமல் ஊதியத்தில் சேரும், 55 வயது வரை அது 17 சதவீதம். வேலை அனுமதிச் சீட்டுக்காரருக்கு அது கிடையாது.

பெண் என்பதைத் தனிப் பெட்டியாக்கிக் குறைந்த எடை போடுவது நியாயமா?

நியாயம் இல்லை. சந்தை தரும் சம்பளத்தை அப்படியே எடையாக எடுப்பதால் பாகுபாடும் கூடவே உள்ளே வருகிறது. பெண்கள் அதிகமாக வேலைக்கு வரும் ஆண்டில் 'உழைப்பின் தரம் குறைந்தது' என்று குறியீடு சொன்னாலும் சொல்லும். அப்படிப்பட்ட வரியை அறிக்கையில் பார்த்தால் காரணம் இங்கே இருக்கிறதா என்று பாருங்கள்.

மூலதனம் என்றால் இயந்திர விலைகளைக் கூட்டினால் போதும் அல்லவா?

போதாது. முதலில் இருப்பைக் கணக்கிட வேண்டும். ஒவ்வோர் ஆண்டு முதலீட்டையும் சேர்த்து, தேய்மானத்தைக் கழித்துக்கொண்டே வருவார்கள். ஐரோப்பிய க்ளெம்ஸில் கணினிக்குத் தேய்மானம் ஆண்டுக்கு 31.5 சதவீதம். அதாவது 1,000 வெள்ளிக் கணினி ஐந்து ஆண்டில் 150 வெள்ளி அளவுக்கு வந்து நிற்கும்.

அடுத்து, அந்த இருப்பு ஓராண்டில் தரும் சேவையைக் கணக்கிட வேண்டும். எல்லாவற்றையும் வாடகைக்கு எடுத்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். உரிமையாளர் 5 சதவீத லாபம் எதிர்பார்க்கிறார் என்றால், 1,000 வெள்ளிக் கணினிக்கு 50-உம் தேய்மானம் 315-உம் சேர்த்து 365 வெள்ளி வாடகை கேட்பார். கட்டடம் ஆண்டுக்கு 3 சதவீதம் தேயும் என்று வைத்தால், 1,000 வெள்ளிக் கட்டடத்துக்கு 80 வெள்ளி போதும். விலையில் இரண்டும் சமம், ஓராண்டுச் சேவையில் கணினி நான்கரை மடங்கு. கட்டடத்திலிருந்து கணினிக்கு முதலீடு நகரும்போது, இருப்பை மட்டும் பார்ப்பவருக்கு அது தெரியவே தெரியாது. விலை ஏற்ற இறக்கத்தை இங்கே விட்டுவிட்டேன், கணினி விலை இறங்கிக்கொண்டே போவதால் உண்மையில் இடைவெளி இன்னும் கூடும்.

சிங்கப்பூருக்கென்று தனித் தலைவலிகள் உண்டு. காக்கி புக்கிட்டில் பட்டறை வைத்திருக்கும் ஒருவர் லாரி வாங்கினால், விலையோடு வாகன உரிமைச் சான்றிதழுக்கும், அதாவது சிஓஇக்கும், கொடுக்கிறார். அந்தப் பணத்தால் லாரி ஒரு கிலோ கூடச் சுமக்காது. அதையும் சேர்த்து ஒப்பிட்டால் ஜொகூரில் ஓடும் அதே லாரியைவிட இங்கே கூடுதல் 'மூலதனம்' இருப்பதாகத் தெரியும். நிலம் இன்னொன்று. ஐரோப்பிய க்ளெம்ஸில் நிலம் சேர்க்கப்படவில்லை. பரந்த நாடுகளுக்கு அது பெரிய குறை இல்லாமல் இருக்கலாம், நமக்கு அப்படி இல்லை.

கணினி விலை எல்லா நாட்டிலும் ஒரே மாதிரிதானே இறங்குகிறது?

கணினி ஒன்றுதான், குறியீடு வேறு. அமெரிக்கா வேகம், நினைவகம் போன்ற தர மாற்றங்களைக் கழித்து விலையை அளந்தபோது குறியீடு தலைகுப்புற விழுந்தது. பழைய முறையில் அளந்த நாடுகளில் மெதுவாகத்தான் இறங்கியது. அதனால் ஒரே அளவு வாங்கிய இரு நாடுகளில் ஒன்று அதிகம் முதலீடு செய்ததாகக் காட்டியது. இதற்காகவே ஒருங்கிணைந்த விலைக் குறியீட்டைப் பயன்படுத்துகிறார்கள்.

எந்த நிறுவனம் எந்தத் துறை என்று யார் முடிவு செய்வது?

சிங்கப்பூருக்கு ஒரு தொழில் வகைப்பாடு இருக்கிறது, அது ஐ.நா.வின் சர்வதேச வகைப்பாட்டை ஒட்டியது. காகிதத்தில் பொருத்தம் சுலபம். நடப்பில், தொழிற்சாலை தன் துப்புரவாளர்களையும் காவலாளிகளையும் வெளி நிறுவனத்துக்கு மாற்றிவிட்டால், அதே ஆட்கள் அதே கட்டடத்தில் அதே வேலையைச் செய்தபடி உற்பத்தித் துறையிலிருந்து சேவைத் துறைக்குப் போய்விடுகிறார்கள். தொழிற்சாலையில் சராசரிப் படிப்பு ஒரே இரவில் உயரும். வாங்கும் சேவையைத் தனியாக எண்ணுவதன் அருமை இங்கேதான் தெரியும்.

சொந்தத் தொழில் செய்பவர்களை எப்படிச் சேர்ப்பது?

அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே மாமாக் கடை என்னும் சிறு மளிகைக் கடை வைத்திருப்பவரின் வருமானத்தில் கூலி எது, லாபம் எது என்று அவருக்கே தெரியாது. அதே துறையில், அதே படிப்புள்ள ஊழியரின் மணிக்கூலியை அவருக்கும் வைத்துவிட்டு மீதியை மூலதனத்தில் போடுவது வழக்கம். சில சமயம் மீதி கழித்தல் குறியில் வரும். தனியார் வாடகைக் கார் ஓட்டுநர்களுக்கும் இதே பாடுதான்.

நாணய மாற்று விகிதத்தைப் பயன்படுத்தலாமா?

வளர்ச்சி வேகத்தை ஒப்பிட அது தேவையே இல்லை. மட்டத்தை ஒப்பிட வேண்டுமென்றால் கூடாது, வாங்கும் திறன் சமநிலை வேண்டும், அதாவது ஒரே பொருளுக்கு ஒவ்வொரு நாட்டிலும் என்ன விலை என்று பார்த்துக் கணக்கிடும் மாற்று விகிதம். இந்த விலைகளைத் திரட்ட உலக வங்கி ஒருங்கிணைக்கும் சர்வதேச ஒப்பீட்டுத் திட்டத்தின் 2021 சுற்று முடிவுகள் 2024 மே மாதம் வெளிவந்தன. ஆனால் அது மக்களும் அரசும் முதலீட்டாளரும் வாங்கும் பொருள்களின் விலை. தொழிற்சாலை வாசலில் உள்ள விலை வேறு. துறைவாரி ஒப்பீட்டுக்குத் தனியாக உழைக்க வேண்டும்.

என் பட்டறையை இந்த எண்களோடு ஒப்பிடலாமா?

தாராளமாக. ஆண்டு விற்பனையிலிருந்து வெளியில் வாங்கிய பொருள், மின்சாரம், ஒப்பந்தச் சேவை எல்லாவற்றையும் கழியுங்கள். சம்பளத்தையும் தீர்வையையும் கழிக்காதீர்கள். மீதியை எல்லாரும் வேலை செய்த மொத்த மணிநேரத்தால் வகுங்கள். வருவது ஒரு மணிநேரத்துக்கான கூட்டு மதிப்பு. புள்ளிவிவரத் துறையும் மனிதவள அமைச்சும் இதையே துறைவாரியாகப் பேசுகின்றன. உங்கள் எண் துறைச் சராசரிக்கு மேலே இருந்தால் உடனே மகிழ வேண்டாம், முதலில் மணிநேரத்தைச் சரிபாருங்கள். ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைமும், சாப்பாட்டு நேரத்தில் லாரியிலிருந்து சாமான் இறக்கிய நேரமும், உங்கள் மனைவி இரவில் கணக்கெழுதிய நேரமும் பெரும்பாலும் விட்டுப்போயிருக்கும். அரசாங்க ஆய்வுப் படிவம் வந்தாலும் இதே கதைதான். வேலை நேரம் கேட்கும் கட்டத்தில் பலர் யோசிக்காமல் வழக்கமான வார நேரமான '44' என்று போட்டு அனுப்பிவிடுகிறார்கள். சம்பளச் சீட்டை எடுத்து வைத்துக்கொண்டு, ஓவர்டைமையும் கூட்டி எழுதுங்கள்.